மழையே இல்லாத நாள்ல ஒழுகுன ஷெட்டு

போன செவ்வாய்க்கிழமை காலைல ஆறேகால் இருக்கும், டார்ச்சை எடுத்துட்டுப் போய் ஷெட்டுக் கதவைத் திறந்து, ஸ்டூல் மேல ஏறி கூரைக்கு அடியில உள்ளங்கையை வச்சுத் தேச்சுப் பாத்தேன். காஞ்சிருந்துச்சு. வெளிய புல்லு பூரா பனி, அங்க நடந்து போனதுலயே சேலைக் கரை நனைஞ்சு கால்ல ஒட்டுது, உள்ள ஒரு சொட்டு இல்ல. வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன், "சரி, காபி போடு"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். அவருக்கென்ன, நாலு வருஷமா துருப்பிடிச்ச கவாத்துக் கத்தியோட மல்லுக்கட்டுனது நானு. அதான் மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சிடலாம்னு.

இடம் கோத்தகிரிக்குப் பக்கம். தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா மலை ஓரளவு தடுத்துடும், கூடலூர், தேவாலா பக்கம் மாதிரி ஜூன் ஜூலைல இங்க கொட்டாது. நமக்கு வேலை வைக்கிறது ஐப்பசி, கார்த்திகைதான். அப்போ மழை கிழக்கேருந்து சாய்ஞ்சு அடிக்கும், மத்த மாசம் மூடுபனி. மொத்தத்துல துணி காயற நாளை விரல் விட்டு எண்ணலாம். முப்பது சென்ட்ல கேரட், பீன்ஸ், கொஞ்சம் உருளைன்னு போடறேன். சாமான் வைக்க ஒரு ஷெட்டு வேணும்னு 2021 மார்ச்சுல போட்டது, பத்துக்கு எட்டு அடி. ஆங்கிள் ஃப்ரேம், 0.35 எம்எம் தகரம், கீழ மூணு இஞ்சு கான்கிரீட்டு, மொத்தம் 38,000 ரூபாய். மலைக்கு மேல ஏத்துன வண்டி வாடகை தனி. பிளாஸ்டிக்ல ரெடிமேடா வர்றதையும் பாத்தேன், விலையைப் பாத்ததும் போனை மூடி வச்சிட்டேன். ஹாலோ பிளாக்ல ரூமா கட்டிடலாம்னா மலைப் பகுதியில அதுக்கு அனுமதி, பிளான்னு அலையணும், மம்மட்டி வைக்கறதுக்கு அவ்வளவு எதுக்குன்னு விட்டேன்.

அப்போ எனக்கு இருந்த அறிவு ஒண்ணே ஒண்ணுதான்: ஈரம் வெளிய இருக்கு, உள்ள வராம அடைக்கணும். வெல்டர் தம்பி, "அக்கா, மேல ஒரு ஜன்னல் மாதிரி விடட்டுமா"ன்னு கேட்டான், வேண்டவே வேண்டாம்னேன். தகரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இருந்த சந்தெல்லாம் ஃபோம் ஸ்ப்ரே அடிச்சு அடைச்சேன். கதவுக்கு அடியில ரப்பர் பட்டை ஒட்டுனேன். எறும்பு நுழையாதுன்னு பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அந்த வருஷம் மழைக்காலம் ஒரு மாதிரி ஓடிடுச்சு. மார்கழி பொறந்ததும் ஆரம்பிச்சுது. காலைல போய்ப் பாத்தா யூரியா மூட்டை மேல தண்ணி, ஸ்ப்ரேயர் மேல தண்ணி, மாட்டி வச்சிருந்த கோணிப்பையில கறுப்புக் கறுப்பா பூசணம். ஒழுகுதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஏணி போட்டு மேல ஏறி ஒவ்வொரு ஸ்க்ரூ தலைக்கும் எம்சீல் வச்சேன், ஓவர்லாப் முழுக்க தார் டேப்பு ஒட்டுனேன். ரெண்டு நாள் வேலை, 1,600 ரூபாய் சாமான், இடுப்பு வலி இலவசம். மறுநாளும் ஒழுகுச்சு.

இதுல எனக்கு ரொம்ப நாள் உறைக்காத ஒரு விஷயம் இருக்கு. மழை பேஞ்ச ராத்திரி சொட்டறது கம்மியா இருந்துச்சு, வானம் தெளிஞ்சு நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்ச ராத்திரிக்கு அப்புறம்தான் காலைல குளமா நின்னுச்சு. இதை நானா கண்டுபிடிச்சேன்னு சொன்னா பொய். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர், டீ ஃபேக்டரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, ஒரு நாள் உள்ள எட்டிப் பாத்துட்டு, "என்னம்மா, டீத்தூள் டப்பாவை மூடற மாதிரி மூடி வச்சிருக்க. அப்படி மூடணும்னா உள்ள இருக்கறது காஞ்ச டீத்தூளா இருக்கணும். நீ பச்சை இலையை வச்சு மூடியிருக்க"ன்னாரு. அப்புறம் கூரையைக் காட்டி, "இட்லிச் சட்டி மூடியைத் திறந்தா அடியில என்ன இருக்கும்?"னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

அவ்வளவுதான் விஷயம். உள்ள இருக்கற காத்துல ஈரம் இருக்கு. மேகம் இல்லாத ராத்திரியில தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு, சுத்தி இருக்கற காத்தை விடவே ஜில்லுனு ஆயிடுது, அந்த ஈரம் போய் அதுமேல படிஞ்சு சொட்டுது. மேகம் மூடியிருந்தா தகரம் அவ்வளவு குளிராது. ஓட்டையே இல்லாத கூரைக்குத்தான் நான் எம்சீல் வச்சிட்டிருந்தேன்.

சரி, உள்ள ஈரம் எங்கேருந்து வருது, நான்தான் எறும்புக்கே வழி விடலையே. இதுக்கு ஒரு சோதனை பண்ணேன், செலவே இல்லாதது. தரையில ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்டை விரிச்சு நாலு ஓரமும் டேப்பு போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டேன். மூணாம் நாள் பிரிச்சா, ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி, அந்தச் சதுரம் மட்டும் கான்கிரீட்டு கறுத்துப் போயிருந்துச்சு. தண்ணி மேலேருந்து வரல, கீழேருந்து ஏறுது. கான்கிரீட்டு போடறப்போ அடியில ஷீட்டு விரிச்சீங்களான்னு வெல்டர் தம்பிகிட்ட கேட்டேன், "மேஸ்திரியைக் கேக்கணும்க்கா"ன்னான். மேஸ்திரி ஊரை விட்டே போயிட்டாராம்.

இதுக்கு நடுவுல பண்ண அசட்டு வேலைகளையும் சொல்லிடறேன். ஈரத்தை உறிஞ்சும்னு கல் சுண்ணாம்பை தகர டப்பாவுல வச்சேன், நாலு நாள்ல பொடிஞ்சு மாவாயிடுச்சு, மறுபடி வச்சேன், மறுபடி மாவு. தரை வழியா தண்ணி வந்துட்டே இருக்கறப்போ ஒரு டப்பா சுண்ணாம்பு என்ன பண்ணும். அடுத்து கூரைக்கு அடியில தெர்மாகோல் ஒட்டுனேன். ஒரு மாசத்துல எலி கடிச்சு வெள்ளை வெள்ளையா தோட்டம் பூரா பறந்துச்சு, பொறுக்கி எடுக்கவே ரெண்டு நாள் ஆச்சு. தகரத்துக்கும் தெர்மாகோலுக்கும் நடுவுல பாத்தா அங்கயும் தண்ணி.

அப்புறம் கரடி. 2022 கடைசியில கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டையும், அரை டின் நல்லெண்ணெயும் ஷெட்டுல வச்சிருந்தேன். கோயில் விளக்கெண்ணெய்க்கே கரடி வர்ற ஊர் இது, தெரிஞ்சே வச்சேன், என்னத்த சொல்றது. பின்பக்கத் தகரத்தை கீழேருந்து சுருட்டி விட்டுட்டுப் போயிருந்துச்சு, சப்பாத்தியைச் சுருட்டுன மாதிரி. தகரம் அவ்வளவு லேசா பிஞ்சதுக்குக் காரணம் கரடி பலம் மட்டும் இல்ல. கீழ அரை அடிக்கு உள்பக்கம் துரு தின்னு காகிதமா இருந்துச்சு, விரலால குத்துனேன், உள்ள போயிடுச்சு. ஆங்கிள் கால் நாலும் கான்கிரீட்டுல புதைஞ்ச இடத்துல நாலு இஞ்சு உயரத்துக்கு அடுக்கடுக்கா உரிஞ்சுது. அப்போதான் இதை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாதுன்னு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டதுக்கும் வேலை ஆரம்பிச்சதுக்கும் நடுவுல ஒரு வருஷம் ஓடிச்சு, அது வேற கதை.

2024 பிப்ரவரியில ஆரம்பிச்சேன். மொத வேலை ஷெட்டுல இல்ல, வெளிய. நம்ம இடம் சரிவு, மேல்பக்கத்து மண்ணுலேருந்து தண்ணி நேரா ஷெட்டுக்கு அடியில வருது. அதை மேலயே மறிச்சு திருப்பி விடணும். ஷெட்டுக்கு மேல்பக்கம் மூணடி தள்ளி, ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், பதினெட்டு அடி நீளத்துக்கு காவா தோண்டுனேன். ரெண்டு ஆள், ஒன்றரை நாள். நாலு இஞ்சு பிவிசி பைப்புல 8 எம்எம் பிட்டு போட்டு ஒரு சாண் இடைவெளியில ஓட்டை போட்டு, ஓட்டை கீழ் பாத்த மாதிரி படுக்க வச்சு, சுத்தி நாற்பது எம்எம் ஜல்லி. ஓட்டை ஏன் கீழ பாக்கணும்னு ஆள் கேட்டார். மேல பாத்தா மண்ணு கொட்டி அடைக்கும், கீழேருந்து தண்ணி ஏறி வந்தா பைப்பு வழியா போயிடும். இதுல தப்பு எங்க பண்ணேன்னா, ஜல்லிக்குள்ள மண்ணு இறங்காம இருக்க துணி சுத்தணும்ல, அதுக்கு வீட்டுல கிடந்த ஷேட் நெட்டை ரெண்டு மடிப்பா போட்டேன். மே மாசம் கோடை மழை நல்லா ரெண்டு அடிச்சுது, காவாவோட வாயில தண்ணி வர்றது நூல் மாதிரி ஆயிடுச்சு. தோண்டிப் பாத்தா ஜல்லி சந்தெல்லாம் செம்மண் சேறு. ஷேட் நெட்டு வெயிலை மறைக்கும், சேத்தை மறைக்காது. மறுபடி எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டு, ஜல்லியைக் கழுவி, கோயமுத்தூர்ல ஜியோ டெக்ஸ்டைல் துணி, தண்ணியை விட்டு மண்ணை நிறுத்தறது, 1,350 ரூபாய்க்கு வாங்கியாந்து பொதிஞ்சு மூடுனேன். மொதல்லயே அந்தக் காசைப் போட்டிருந்தா மூணு ஆள் கூலி மிச்சம்.

அடுத்து ஷெட்டைத் தூக்கறது. பழைய கூரையைக் கழட்டிட்டு, வெல்டர் தம்பி கால்களை துருவுக்கு மேல நல்ல இரும்பு வர்ற இடத்துல அறுத்தான், தரையிலேருந்து சரியா ஏழு இஞ்சு. அக்கம்பக்கத்துல ஆறு பேர் சேந்து ஃப்ரேமைத் தூக்கி ஓரமா வச்சோம், நெனச்ச அளவுக்கு கனம் இல்ல. ஒவ்வொரு காலுக்கும் அடியில ஆறுக்கு ஆறு இஞ்சு, 6 எம்எம் தகடு வெல்ட் பண்ணி, எட்டு இஞ்சு சாலிட் பிளாக் மேல உக்கார வச்சு, நீளமான ஆங்கர் போல்ட்டை பிளாக்கையும் தாண்டி கான்கிரீட்டு வரைக்கும் இறக்குனோம். இங்க அடிக்கற காத்துக்கு சும்மா உக்கார வச்சா ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துல போய் எடுத்துட்டு வரணும். சுவர்த் தகரத்துல அடியில துருப்பிடிச்ச பகுதியை நேரா வெட்டி எடுத்துட்டோம், இப்போ தகரத்தோட அடி ஓரம் தரையிலேருந்து ஒரு அடி மேல நிக்குது. கூரைத் தண்ணி தரையில விழுந்து சேறு தெறிக்குமே, அது ஒரு அடி வரைக்கும் ஏறும். கூரை ஓரத்துக்கு நேர் கீழ தரையில ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டுனேன், சேறு தெறிக்கறது நின்னுச்சு.

ஃப்ரேமைத் திருப்பி வைக்கறப்போ இன்னொண்ணும் பண்ணோம். பழைய கதவு கிழக்கு பாத்து இருந்துச்சு, காலை வெயில் வரட்டும்னு வச்சது. வெயிலோட சேந்து கார்த்திகை மழையும் நேரா உள்ள வந்துச்சு. அப்படியே திருப்பி மேற்கு பாத்து வச்சிட்டோம்.

வெல்டு பண்ண இடத்துல உடனே பெயின்ட் அடிக்காதீங்க. நான் அன்னிக்கு சாயங்காலமே ரெட் ஆக்சைடு அடிச்சேன், மூடுபனி இறங்கிட்டிருந்துச்சு, இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாத ஈரம். மூணு வாரத்துல தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. மறுபடி கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, உப்புத்தாள் போட்டு, பதினோரு மணி வெயில்ல இரும்பு கைக்கு லேசா சுடற நேரத்துல ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட்டு. அது இன்னும் அப்படியே இருக்கு.

தரைக்கு, கான்கிரீட்டு மேல கறுப்பு பாலித்தீன் 250 மைக்ரான், ஓரத்துல அரை அடி மேல மடிச்சு விட்டது. அது மேல ஹாலோ பிளாக், பிளாக் மேல மூணுக்கு ரெண்டு சட்டம் ஒன்றரை அடிக்கு ஒண்ணு, அதுக்கு மேல ஒரு இஞ்சு சில்வர் ஓக் பலகை. பிளாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவுல பழைய லாரி டியூப்பை வெட்டி வச்சேன், பிளாக்குல ஏறுற ஈரம் மரத்துக்குப் போகாம. டியூப்பு பஞ்சர் கடையில சும்மா குடுத்தாங்க. நம்ம தோட்டத்துல நாலு சில்வர் ஓக் நிக்குது, அதையே வெட்டிக்கலாமேன்னு மொதல்ல ஆசைப்பட்டேன். மலைப் பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955லயே சட்டம் இருக்கு, சொந்த மரமா இருந்தாலும் அனுமதி வாங்கித்தான் வெட்டணும், அந்த அலைச்சலுக்கு மில்லுல வாங்கறதே மேல். மரம் மட்டும் 9,800 ஆச்சு.

ஆனா மில்லுல குடுத்தது பச்சை மரம். பலகையைக் கையில எடுத்தாலே தெரியும், காய்ஞ்சதை விட ஒன்றரை மடங்கு கனம், தட்டுனா டங்குன்னு கேக்காம பொத்துனு கேக்கும். ஆசாரி அண்ணன், "ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல குச்சி வச்சு அடுக்கி, மேல கல்லை ஏத்தி ஒரு மூணு மாசம் விடும்மா"ன்னாரு. நான் மூணு வாரம் விட்டேன். அவர் சொன்னதுல மூணு மட்டும்தான் காதுல விழுந்துச்சு போல. விளைவு, அடுத்த வருஷம் மார்ச்சுல தரைப் பலகைக்கு நடுவுல ஆறு எம்எம் சந்து. தரைக்குப் பரவால்ல, காத்து வர்றதுக்கு நல்லதுன்னே வச்சுக்கலாம். அதே மரத்துல அடிச்ச கதவுலதான் பட்டேன்.

கதவு கதையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பலகைகளை நேரா நிறுத்தி, பின்னாடி மேல ஒரு குறுக்குச் சட்டம், கீழ ஒண்ணு, நடுவுல சாய்வா ஒண்ணு, இங்கிலீஷ் இசட் மாதிரி. அந்தச் சாய்வுச் சட்டத்தை நானே அடிச்சேன், எப்படி இருந்தா என்னன்னு, கீல் பக்கம் மேல ஆரம்பிச்சு பூட்டுப் பக்கம் கீழ முடியற மாதிரி. ரெண்டு மாசத்துல பூட்டுப் பக்கம் தொங்கி தரையில உரச ஆரம்பிச்சுது. ஆசாரி அண்ணன் வந்து பாத்துட்டு சிரிச்சாரு. கீல் பக்கம் அடியிலேருந்து கிளம்பி பூட்டுப் பக்கம் மேல போய் முட்டணுமாம், அப்போதான் கதவோட கனம் அந்தச் சட்டம் வழியா இறங்கி அடிக் கீலுக்குப் போகும், ஒருத்தர் தோள் குடுத்துத் தாங்கற மாதிரி. நான் அடிச்ச திசையில சட்டம் தாங்கல, ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. கழட்டித் திருப்பி அடிச்சதும் கதவு நிமிந்துச்சு.

அப்புறம் ஐப்பசி. மரம் ஈரத்துல ஊதி, கதவு நிலையில இறுகி, தோளால மோதுனாத்தான் திறந்துச்சு. கோவத்துல இழைப்புளியை எடுத்து பூட்டுப் பக்கம் ஓரத்தை நாலு எம்எம் இழைச்சுத் தள்ளிட்டேன். சுகமாத் திறந்துச்சு. மார்ச்சு வந்ததும் பாத்தா ஓரத்துல என் சுண்டுவிரல் போற சந்து, எலி மூக்கை நீட்டிப் பாக்குது. மழைக்காலத்துல கதவு இறுகுனா இழைக்கறதுக்கு மொதல்ல, வெட்டுவாயில, அதாவது பலகையை அறுத்த முனையில, எண்ணெய் பூசியிருக்கான்னு பாத்திருக்கணும். பலகையோட முகத்துல மட்டும் பூசிட்டு மேல் கீழ் வெட்டுவாயை விட்டிருந்தேன், மரம் தண்ணியை அங்கேதான் ஸ்ட்ரா போட்டு குடிக்கும். இப்போ அந்தச் சந்துக்கு ஒரு ரீப்பர் அடிச்சு சமாளிச்சிருக்கேன்.

பூசுனது முந்திரிக்கொட்டை ஓட்டுலேருந்து எடுக்கற எண்ணெய். கடல்பக்கம் படகுக்குப் பூசறது, பண்ருட்டியிலேருந்து ஒரு சொந்தக்காரர் மூலமா பத்து லிட்டர் வந்துச்சு, 1,100 ரூபாய். கறுப்பா கொழகொழன்னு இருக்கும், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பிரஷ்ல ரெண்டு கோட்டு. கரையானுக்கும் பூசணத்துக்கும் நல்லா வேலை செய்யுது. ஆனா தோல்ல பட்டா கொப்பளிச்சிடும், நான் கையுறை போட்டேன், மணிக்கட்டுல ஒரு சொட்டு விழுந்ததைக் கவனிக்கல, பத்து நாள் எரிஞ்சுது. தழும்பு இன்னும் இருக்கு.

கூரைக்கு 0.50 எம்எம் கலர் கோட்டட் ஷீட்டு, 8,700 ரூபாய். முன்பக்கம் ஏழரை அடி, பின்பக்கம் ஆறரை, தண்ணி நிக்காம ஓடற சாய்வு. எல்லாப் பக்கமும் வெளிய நீட்டி விட்டேன், மழை சுவர்ல படாம. பழைய கூரையில ஸ்க்ரூவை ஷீட்டோட பள்ளத்துல போட்டிருந்தாங்க, தண்ணி ஓடற இடமே அதுதான். இந்தத் தடவை எல்லாம் மேட்டுல. ரப்பர் வாஷர் நசுங்கி வெளிய பிதுங்கற வரைக்கும் டிரில்லை அமுக்காதேன்னு தம்பிகிட்ட நூறு தடவை சொன்னேன். பிதுங்குன வாஷர் ரெண்டு வெயிலுக்கு வெடிச்சிடும்.

ஷீட்டுக்கு அடியில, சட்டத்துக்கு மேல, அலுமினியம் பபுள் ஷீட்டை விரிச்சோம், 1,900 ஆச்சு. ஜில்லுனு இருக்கற தகரத்தை உள்காத்து நேரா தொடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இதுலயும் ஒரு பாடம். ரெண்டு ரோல் சேர்ற இடத்துல ஒரு இஞ்சு சந்து விட்டுப் போச்சு, மேல ஷீட்டு மூடியாச்சு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு விட்டோம். 2024 டிசம்பர்ல மொத தெளிஞ்ச ராத்திரிக்கு அப்புறம் காலைல போனா, தரைப் பலகையில இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி ஒரே நேர்கோட்டுல ஈரம், ஒரு இஞ்சு அகலம், மத்த இடமெல்லாம் காய்ஞ்சு. அடியிலேருந்து அலுமினியம் டேப்பு ஒட்டுனேன், கழுத்து பிடிச்சுக்கிச்சு, கோடு போயிடுச்சு.

காத்துக்கு ரெண்டு வழி. மேற்குச் சுவர்ல கீழ ஒண்ணு, கிழக்குச் சுவர்ல கூரைக்குக் கிட்ட ஒண்ணு, ரெண்டுமே ஒரு அடிக்கு அரை அடி. கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு இருந்தாத்தான் காத்து இழுக்கும், ரெண்டும் ஒரே உயரத்துல இருந்தா சும்மா பாத்துட்டு நிக்கும். உள்பக்கம் கால் இஞ்சு வலை, எலிக்கு. முன்னாடி அடிச்ச ஃபோமை எல்லாம் கத்தி வச்சு நானே நோண்டி எடுத்தேன்.

கூரை நூத்திப் பத்து சதுர அடி வருது, ஒரு சென்டிமீட்டர் மழைக்கு சுமார் நூறு லிட்டர் தண்ணி. அது ஷெட்டு ஓரத்துலயே விழுந்தா நான் காவா தோண்டுனதுக்கு அர்த்தமே இல்ல. ஆறு இஞ்சு பிவிசி பைப்பை நீளவாக்குல பாதியா அறுத்து காட்டரா மாட்டி 200 லிட்டர் டிரம்முல விட்டேன், ரெண்டு சென்டிமீட்டர் மழைக்கே நிரம்பிடும், வழியறதை பைப்பு போட்டு கீழ் வரப்புக்கு விட்டாச்சு. சில்வர் ஓக் இலை விழுந்து காட்டர் அடைச்சுக்கும், ஐப்பசிக்கு முன்னாடி ஒரு தடவை, கார்த்திகை நடுவுல ஒரு தடவை கையை விட்டு அள்ளணும். அள்ளறப்போ அட்டைப்பூச்சி இருக்கும், உப்பு கையில வச்சுக்கங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் ஈரமானி என்ன சொல்லுது? 600 ரூபாய் டிஜிட்டல் ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன். முன்னாடி காலைல ஆறு மணிக்கு உள்ள 98, 99 சதவீதம் காட்டும். இப்போ 90, 91. வெளிய மூடுபனியில 97. மொதல்ல ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, இவ்வளவு செலவு பண்ணி எட்டு புள்ளியான்னு. ஆனா பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் உள்ளயும் வெளிய மாதிரியே எழுபதுக்கு இறங்கிடுது, முன்னாடி அது நாள் பூரா தொண்ணூறுலேயே நிக்கும். ராத்திரி நனையறதைத் தடுக்க முடியாது, பகல்ல காயுது, சொட்டல, எனக்கு அது போதும்.

உள்ள வைக்கற சாமான்லயும் சில மாத்தம். யூரியா, பொட்டாஷ் எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முல போயிடுச்சு. உரம் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து கசிஞ்சுதுன்னா பக்கத்துல இருக்கற இரும்பு காலி. மயில்துத்தம் இன்னும் மோசம். உருளைக்கு போர்டோ கலவை, அதான் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து, போட ஒரு கிலோ பாக்கெட்டை மூலையில தகரத்தை ஒட்டி வச்சிருந்தேன், பாக்கெட்டு ஈரத்துல கசிஞ்சு, அந்த இடத்துல தகரத்தோட வெள்ளி நிறம் போய் கறுத்து, அதுமேல செப்பு நிறத்துல ஒரு படலம், சொரண்டுனா பொல பொலன்னு ஓட்டை. துத்தத்துல இருக்கற செம்பு வந்து தகரத்து மேல இருக்கற துத்தநாகத்தைத் தின்னுடும். கலவையில சுண்ணாம்பு போதுமான்னு பாக்க கத்தியை முக்கி செப்புக் கறை படியுதான்னு பாப்போம்ல, அதே விஷயம் என் சுவர்ல நடந்துச்சு. இப்போ அது கண்ணாடி ஜாடியில, பூட்டி.

சாமானுக்கு எண்ணெய் விஷயத்துல ஊர்லேருந்து அம்மா சொன்னதைக் கேட்டு தேங்காயெண்ணெய் தடவிட்டிருந்தேன். இந்தக் குளிருக்கு அது கத்தி மேல வெள்ளையா உறைஞ்சு நிக்கும், சில இடத்துல படியவே படியாது, அந்த இடத்துல மட்டும் துரு. இப்போ ஒரு வாளி ஆத்து மணல்ல அரை லிட்டர் மெஷின் ஆயில் ஊத்தி வச்சிருக்கேன், வேலை முடிஞ்சு மண்ணைக் கழுவித் துடைச்சிட்டு கத்தி, கொத்து எல்லாத்தையும் அதுல நாலு குத்து குத்தி எடுத்தா மண்ணும் போகும், எண்ணெயும் ஏறும். இரும்புப் பூட்டு இறுகிப் போனதுல ஒரு தடவை ரம்பம் போட்டு அறுத்தேன், இப்போ பித்தளைப் பூட்டு, உள்ள பென்சில் கரியைத் தூளாக்கி ஊதி விட்டிருக்கேன். கீல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பூட்டோட சேத்து 1,320. திங்கற சாமான் எதுவும் ஷெட்டுல கிடையாது, புண்ணாக்கு வீட்டுக்குள்ள ஸ்டோர் ரூம்ல, வீட்டுக்காரர் மூக்கைப் பிடிச்சிட்டு நடக்கறார்.

சின்னச் சின்ன செலவெல்லாம் கூட்டி, காவாவுக்கு ரெண்டாவது தடவை குடுத்த கூலியைச் சேக்காம, மொத்தம் 37,100. மொத ஷெட்டு 38,000. ஆமா, ஷெட்டுக்கு ரிப்பேர்னு சொல்லிட்டு இன்னொரு ஷெட்டுக் காசைப் போட்டிருக்கேன். மொதல்லேருந்து மறுபடி போடறதா இருந்தா கான்கிரீட்டே போட மாட்டேன், ஆறு பில்லர் மட்டும் ஊனி மரத் தரையை அது மேல ஏத்தியிருப்பேன். மரத்தை ஷெட்டுக்கு ஆறு மாசம் முன்னாடியே வாங்கி அடுக்கியிருப்பேன். வெல்டர் தம்பி ஜன்னல் விடட்டுமான்னு கேட்டப்போ வாயை மூடிட்டு சரின்னிருப்பேன்.

ஒண்ணு மட்டும் இன்னும் மீதி. கிழக்குப் பக்கம் மேல வச்ச காத்து வழியில, சாய்ஞ்சு அடிக்கற மழை நல்லா வேகமா இருந்தா லேசா சாரல் உள்ள வருது. இந்தக் கார்த்திகையில ரெண்டு நாள் அப்படி வந்து மேல் அலமாரியில விதை பாக்கெட்டு நனைஞ்சுது. சரிவா ஒரு சின்ன மூடி அடிக்கணும், ஷீட்டுத் துண்டு மிச்சம் இருக்கு, அளவெடுத்து குறிச்சும் வச்சிட்டேன், பதினாலு இஞ்சுக்கு ஒன்பது. தம்பி ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கான். எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லல.